மதர்போர்டு போய்விட்டது என்று சொல்வதற்கு முன்



ஆமத்தூரில் அஸர் தொழுகைக்குப் பின் மக்தப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அமர்ந்திருந்த ஒரு மாலையில், ஒரு தாயும் அவருடைய மகனும் சாக்கில் சுற்றிய கணினிப் பெட்டியொன்றைக் கொண்டுவந்து நம் முன் வைத்தனர். 2012இல் அத்தாய்க்குரிய கணவர் வாங்கியது. அவர் இன்று மர்ஹூம். நகரத்துக் கடையொன்றில் காட்டியபோது, மூடியைத் திறந்தும் பாராமல், "மதர்போர்டு போய்விட்டது, இது பழைய இரும்புக்குத்தான் ஆகும்" என்று கூறி, பெட்டியை அங்கேயே விட்டுச் செல்லும்படி சொன்னார்களாம். அத்தாய் விடவில்லை. அதனுள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில், அவர் கணவர் ரமழான் இரவுகளில் ஓதிப் பதிந்து வைத்த 14 ஒலிப்பதிவுகள் இருந்தன. வேறெங்கும் அவற்றுக்குப் பிரதி இல்லை.

நாம் கணினிப் பொறியாளர் அல்லர். மத்ரஸாவின் இரண்டு பழைய கணினிகளைப் பல ஆண்டுகளாக உயிரோடு வைத்திருக்கும் பழக்கம் மட்டுமே நம்மிடம் உண்டு. ஆயினும் அன்று கண்டதை எழுத வேண்டும் என்று தோன்றியது. காரணம், நம் வீடுகளில் பழைய கணினிக்கு வழங்கப்படும் தீர்ப்புகள் பெரும்பாலும் விசாரணையின்றியே வழங்கப்படுகின்றன. ஒன்று "ஃபார்மட் போடு", அல்லது "தூக்கிப் போடு".

அந்தப் பெட்டியின் நோய் எளியது. சுவிட்சைப் போட்டால் விசிறி சுழன்றது. திரை இருண்டே கிடந்தது. உள்ளிருந்து நீண்ட பீப் ஒலி விட்டுவிட்டு வந்தது. அது பெரும்பாலும் ரேம் சரியாகப் பொருந்தவில்லை என்பதற்கான கூக்குரல். நம் ஊர் கரிசல் மண். கோடைக் காற்றில் அந்தத் தூள் புகாத இடமில்லை. மின் இணைப்பைக் கழற்றி, இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னை நீக்கிவிட்டு, ரேம் அட்டையை எடுத்து அதன் பொன்னிறப் பற்களைப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்பப் பொருத்தினோம். திரை வந்தது. "போய்விட்ட" மதர்போர்டு நலமாகவே இருந்தது.

ஆனால் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போர்டில் நாணயம் போன்ற சி.ஆர். 2032 என்னும் சிறு பேட்டரி உண்டு. அது தீர்ந்தால், மின்சாரம் நின்றதும் கணினி தன் காலத்தை மறந்துவிடும். பாதுகாப்பான இணையதளங்கள் தம் சான்றிதழைத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவை. தேதி தவறானால் ஒன்றும் திறவாது. "நெட் வரவில்லை" என்று அலையும் எத்தனை வீடுகளில் குற்றவாளி இந்தச் சிறு பேட்டரியோ, அல்லாஹ்வே அறிவான். தொழுகை நேரம் காட்டும் மென்பொருளும் இதனால் தவறான வக்தையே காட்டும் என்பதை இமாம்கள் கவனிக்கட்டும்.

இதுவரை சொன்னதில் நமக்குச் சிறிது பெருமை தொனித்திருந்தால், இனி சொல்வது அதற்கு மருந்து. விண்டோஸ் திறக்க நெடுநேரம் பிடித்தது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்ற ஓசை கேட்டது. நாம் அவசரப்பட்டு, வட்டின் பிழைகளைத் திருத்தும் சோதனையை ஓடவிட்டோம். அது பெருந்தவறு. சாகக் கிடக்கும் வட்டை மூலை முடுக்கெல்லாம் படிக்கவும் எழுதவும் செய்யும் வேலை அது. நோயாளியை ஓடச் சொல்வதைப் போன்றது. ஓசை கேட்ட கணமே எல்லாவற்றையும் நிறுத்தி, முதலில் வேண்டிய கோப்புகளைப் பிரதி எடுத்திருக்க வேண்டும். பாதியில் உணர்ந்து நிறுத்தினோம். வட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பான் மூலம் மத்ரஸாக் கணினியில் பொருத்தி, எழுதாமல் படிக்க மட்டும் செய்தோம். 11 பதிவுகள் வந்தன. 3 வரவில்லை. நம் சோதனையால்தான் அவை போயினவா, முன்பே போயிருந்தனவா என்று எவராலும் சொல்ல இயலாது. ஆயினும் அத்தாயிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னோம்.

இங்கேதான் நம் கருத்து. பழுது பார்க்கக் கொடுக்கப்படும் கணினி ஓர் அமானிதம். அதிலுள்ள ஹார்டு டிஸ்க் அதைவிடப் பெரிய அமானிதம். குடும்பப் பெண்களின் புகைப்படம், நிலப்பத்திரம், வங்கிக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. உரிமையாளரைக் கேளாமல் ஃபார்மட் போடுவதும், பழைய வட்டை எடுத்து வைத்துக்கொள்வதும் தொழில் சாமர்த்தியமல்ல, கியானத். கொடுப்பவர்களும் வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுக்கலாம். கழற்ற நான்கு திருகுகள்தாம்.

வீண்விரயம் பற்றிய பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்களை நாம் வலீமா விருந்து பற்றிய பயானில் மட்டும் நினைவுகூர்கிறோம். பிரியாணிக்கு மட்டுமா அது? அண்ணலார் (ஸல்) தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். நம் வீடுகளிலோ 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கருவிகள்கூடப் பரணில் உறங்குகின்றன.

"விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டதே" என்பர் சிலர். உண்மைதான், 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 போன்றவற்றைக் கேட்பதால் 2012ஆம் ஆண்டுக் கணினிக்குப் பொருந்தாது. அதற்காகத் திருட்டு மென்பொருளைத் தேட வேண்டாம். அதனுடன் வைரஸும் வரும், ஹராமும் வரும். லினக்ஸ் மின்ட் இலவசம். தமிழில் தட்டச்சும் செய்யலாம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால் பழைய கணினி அடையும் வேகம் வியப்பளிக்கும்.

எல்லாவற்றையும் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பதல்ல நம் வாதம். மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது. மின்வழங்கிப் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தீய்ந்த வாடை வந்தால் திறவாமல் மாற்றிவிட வேண்டும். பட்டாசுத் தொழிலில் பிழைக்கும் நம் வட்டாரத்தாருக்கு ஒரு பொறி என்ன செய்யும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கணினியில் இப்போது அந்த மகனே மின்ட் நிறுவியிருக்கிறான். தங்கையின் பத்தாம் வகுப்புப் பாடங்கள் அதில்தான் நடக்கின்றன. 11 பதிவுகளையும் இரண்டு பென் டிரைவிலும் தாயின் கைப்பேசியிலும் வைத்திருக்கிறார்கள். பழைய வட்டை எறிய அத்தாய்க்கு மனமில்லை. பெரிய நகரங்களில் தரவு மீட்கும் நிபுணர்கள் உள்ளனர், செலவு அதிகம், அதுவரை வட்டுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். கணவரின் தொப்பி இருக்கும் தகரப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கிறார்.

"மூணும் யாஸீன்தான் ஹஜ்ரத்" என்றார், போகும்போது.