எந்த அணியில் சேர்ப்பது? கேட்டுச் சேருங்கள்!

கோடை விடுமுறை நெருங்கினால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை சுவர்களில் கால்பந்து, கிரிக்கெட் பயிற்சி விளம்பரங்கள் முளைத்துவிடுகின்றன. பிள்ளை ஆசைப்படுகிறான், தகப்பனார் பணத்தைக் கட்டுகிறார். பயிற்சி தருபவர் யார், எந்தப் போட்டியில் இறக்குவார்கள், நம் பையனுக்கு ஆட இடம் உண்டா என்று விசாரிப்பவர்கள் எத்தனை பேர்?

மண்ணடியில் ஒரு மூட்டை சரக்கு எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். மாதிரி பார்க்காமல் முன்பணம் தருவதில்லை. பிள்ளையின் 12 வயது முதல் 17 வயது வரையிலான பொன்னான காலத்தை மட்டும் சீருடையின் பளபளப்பைப் பார்த்தே ஒப்படைத்து விடுகிறோம். இது என்ன வியாபாரம்?

பெயரை மட்டும் பார்த்து அணியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆட்களை அது எப்படிச் சேர்க்கிறது, எப்படிப் பழக்குகிறது என்று பாருங்கள்.

1891இல் தொடங்கிய கொல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளையர் அணிகளே வென்றுவந்த கல்கத்தா லீக்கை 1934இல் வென்ற முதல் இந்திய அணி அதுதான். 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் அதன் கையில்! 1940இல் டூரண்ட் கோப்பையையும் வென்றது. பெயரா வென்று கொடுத்தது? நாட்டின் பல மூலைகளிலிருந்தும் திறமைசாலிகளைத் தேடிப் பிடித்தார்கள். மழைச் சேற்றில் வெறுங்காலோடு வழுக்கிவிழாமல் பூட்ஸ் அணிந்து ஆடப் பழக்கினார்கள். நன்கொடை தருபவரின் மகனுக்கு முதலிடம், மற்றவர்களுக்கு ஓரத்துப் பெஞ்சு என்று நடத்தும் அணியில் இது நடக்குமா?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைப் பாருங்கள்! ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. அவர் ஆடிப் பழகியது நம் பகுதியில், தகப்பனாரின் பயிற்சியில். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் அகாடமி அல்ல, அக்கறையுள்ள ஆசானும் விடாத பயிற்சியுமே அவரை உருவாக்கின.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பயிற்சியாளரின் தகுதி என்ன? கால்பந்து என்றால் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் 'டி' உரிமமாவது இருக்கிறதா? அணி அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் கீழ் ஆடுகிறதா? வீரர்கள் பெயர் முறையாகப் பதிவாகிறதா? தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளிலும் இடங்கள் உண்டு. ஆனால் அங்கீகாரமில்லாத போட்டியின் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஓர் அணியில் களமிறங்குவது 11 பேர். முப்பது பேரிடம் கட்டணம் வாங்கினால் மீதிப்பேர் என்ன செய்வார்கள்? இளையவர்களுக்கு இரண்டாவது அணி உண்டா? சேருமுன் இரண்டு ஆட்டங்களை நேரில் போய்ப் பாருங்கள். தோற்றால் பயிற்சியாளர் பிள்ளைகளைத் திட்டுகிறாரா, திருத்துகிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

"இரண்டு வயது குறைத்துச் சான்றிதழ் வாங்கி வாருங்கள்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். மணிக்கட்டு எலும்பைப் படமெடுத்து வயதைக் கணிக்கும் காலம் இது. பிடிபட்டால் தடையைச் சுமக்கப் போவது அவரல்ல, உங்கள் பிள்ளை.

பயிற்சி முடிந்து பிள்ளை எப்படி வீடு திரும்புவான் என்பதும் முக்கியம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருட்டில் சைக்கிளில் வரவேண்டுமா? விம்கோ நகர் வரை 2021 முதல் மெட்ரோ ஓடுகிறது. நேரு விளையாட்டரங்கம் போய்வருவது இன்று எளிது. பள்ளித் தேர்வுக்கும், ஜும்ஆவுக்கும், நோன்பு மாதத்துக்கும் பயிற்சி நேரத்தை மாற்றுவார்களா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பெண் பிள்ளை என்றால் பெண் பயிற்சியாளர், உடைமாற்றத் தனி அறை இரண்டையும் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

வணிகச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைப் பெயரைப் போட்டுச் சீருடை வாங்கித் தருகிறீர்கள், மகிழ்ச்சி. கூடவே ஒரு நிபந்தனை வையுங்கள்: தகுதியான பயிற்சியாளர் வேண்டும், சேர்த்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஆட வாய்ப்பு வேண்டும், கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேருக்காவது கட்டணம் கூடாது. உங்கள் பணம் கோப்பைக்கும் பேனருக்கும் போவதைவிட ஓர் ஆசானின் சம்பளத்துக்குப் போகட்டும்.

இளைஞனே! உன்னைச் சேர்த்துக்கொள்ளும் அணியெல்லாம் உனக்கேற்ற அணி அல்ல. எங்கே உன் ஆட்டம் மாதத்துக்கு மாதம் வளர்கிறதோ, அங்கே நில். வளராத இடத்தில் நட்புக்காக ஒட்டிக்கொண்டு ஆண்டுகளைத் தொலைக்காதே!