செங்குத்துப் பாதைகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மலைக்காடுகளில் உள்ள மண்பாதைகள் பெரும்பாலும் உல்லாசப் பயணத்துக்காக வெட்டப்பட்டவை அல்ல. தங்கம் தேடியவர்கள், மாடு மேய்த்தவர்கள், மரம் வெட்டியவர்கள் போட்ட தடங்கள் அவை. 1939 ஜனவரி 13 அன்று உச்சத்தைத் தொட்ட காட்டுத்தீயில் 71 பேர் இறந்தபின், தீயணைப்பு வண்டிகள் உள்ளே போய்வர மேலும் பல பாதைகள் திறக்கப்பட்டன. அவசரத்துக்கு வெட்டிய பாதை வளைந்து நெளிந்து ஏறாது. முகட்டைப் பிடித்து நேரே மேலே போகும். டார்கோ பக்கம் வொன்னங்காட்டா ஆற்றங்கரையிலிருந்து பினக்கிள்ஸ் கண்காணிப்புக் கோபுரத்தை நோக்கி ஏறும் பில்லி கோட் பிளஃப் பாதை அந்த வகை.

இத்தகைய சரிவில் எஞ்சினுக்குப் பலம் போதாமல் வண்டி நிற்பது அபூர்வம். போதாமல் போவது டயரின் பிடிமானம். 30 டிகிரி சரிவில் வண்டி எடையின் பாதி அதைக் கீழே இழுக்கிறது. சாமான் ஏற்றிய 3 டன் வண்டி என்றால் ஒன்றரை டன். அதனால்தான் அடிவாரத்திலேயே டயர் காற்றை இறக்குகிறார்கள்: தார்ச்சாலையில் 36 பி.எஸ்.ஐ. இருந்தால் இங்கே 25 பக்கம். காற்றுக் குறைந்த டயர் கல்லின்மேல் துள்ளாமல் படிந்து உருளும். விலை உயர்ந்த உதிரிச் சாமான்கள் பலவற்றைவிட, காசே செலவில்லாத இந்த வேலை கூடுதல் பலன் தரும்.

அடுத்தது லோ ரேஞ்ச். கியர்பெட்டியை ஒட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸ் சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். லேண்ட் குரூசர் 70 வரிசையில் இது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஏற்றத்துக்குப் பெரும்பாலும் இரண்டாவது கியர், மிகச் செங்குத்தாக இருந்தால் முதல் கியர். கியரை அடிவாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். பாதி வழியில் கிளட்சை மிதித்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். மழைநீரைத் திருப்பிவிடப் பாதைக்குக் குறுக்கே போட்டிருக்கும் மண்மேடுகளில் வேகமாக ஏறினால் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். எழும்பிய சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது?

ஏற முடியாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கற்க வேண்டிய முதல் பாடம். வண்டியைத் திருப்பப் பார்ப்பதே பெரிய ஆபத்து: சரிவுக்குக் குறுக்கே நிற்கும் வண்டி பக்கவாட்டில் உருண்டுவிடும். எஞ்சின் அணைந்த மேனுவல் வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, லோ ரேஞ்ச் ரிவர்ஸைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட வேண்டும். பிறகு ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தி, பிரேக்கை மெல்ல விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கிளட்சைத் தொடாமல் சாவியைத் திருப்பினால் வண்டி கியரில் இருந்தபடியே உயிர் பெற்று, வந்த தடத்திலேயே நேராகப் பின்னிறங்கும். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் புதிய வண்டிகளில் இந்த உத்தி செல்லாது. அங்கே பிரேக்கின் துணையோடு எஞ்சினைக் கிளப்பி ரிவர்ஸில் இறங்க வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதே கடினம். எடை முன்னே சாய, பின்சக்கரங்கள் இலேசாகிவிடும். பிரேக்கை அழுத்தினால் அவை பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் ஒருபுறம் விலகும். அப்போது கால் தானாகவே பிரேக்கை இன்னும் மிதிக்கத் துடிக்கும். செய்ய வேண்டியதோ நேர் எதிர். பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் கொடுத்தால் சக்கரங்கள் மறுபடி உருண்டு வண்டி நேராகும். மற்றபடி லோ ரேஞ்ச் முதல் கியரில் போட்டு, வேகத்தை எஞ்சினிடம் விட்டுவிடலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினின் பிடிப்பு குறைவு. இடையிடையே பிரேக்கும் தேவைப்படும். 1997-இல் லேண்ட்ரோவர் ஃப்ரீலேண்டரில் வந்த இறக்கக் கட்டுப்பாட்டு வசதி ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்து இதே வேலையைச் செய்கிறது.

எதிரே வண்டி வந்தால் ஏறுபவருக்கே வழி என்பது வழக்கம். முன்னால் போகும் வண்டி முகட்டைத் தாண்டும்வரை அடுத்தவர் அடிவாரத்தில் காத்திருப்பார். மழை பெய்தால் களிமண் சோப்புத் தேய்த்த தளம்போல் ஆகிவிடும், அதற்கு ஓட்டுநரின் திறமை ஈடாகாது. உயரப் பாதைகள் பலவற்றை ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை கேட் போட்டு மூடிவிடுகிறார்கள். 1,700 மீட்டருக்கு மேல் ஏறும் ப்ளூ ராக் பாதையும் பில்லி கோட் பிளஃபும் அந்தப் பட்டியலில் உண்டு. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் டயரில் பழையபடி காற்றை ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் சூடேறி வெடிக்கும்.