செல்லோ டேப் செய்த சதி

சிவகாசியில் எனக்கு ஒரு நண்பர். பெயர் வேண்டாம். அவருடைய அக்கா வீட்டுக்காரர் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர். நல்லவேளை, அரசியல் பக்கங்களோடு மூடி வைத்துவிடுவாராம். அந்த ஒரு தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நண்பருக்கு ஆஃப்செட் பிரஸ்ஸில் கணக்கு எழுதும் உத்தியோகம். காலண்டர் சீஸன், டைரி சீஸன், பட்டாசு லேபிள் சீஸன் என்று வருஷம் பூரா இங்க் வாசனை. வீட்டுக்கு வந்தால் வேறு வாசனை. மாடி அறையைத் திறந்தால் பழைய பிளாஸ்டிக்கும் அந்துருண்டையும் கலந்து மூக்கில் ஏறும். சுவர் முழுக்க வீடியோ கேசட். நானூறுக்கு மேல். நாற்பது பக்க நோட்டில் நம்பர் போட்டுப் பட்டியல் வேறு. அதில் சத்யஜித் ரே கிடையாது. பேய், பாம்பு, குதிரை, கராத்தே. மொத்தம் நாலே நாலு வகை.

"எல்லாமே குப்பைப் படம்ங்க அண்ணாச்சி. அதான் சேக்குறேன்."

"குப்பைன்னு தெரிஞ்சா ஏன் சேக்குறீங்க?"

"நல்ல படத்தை ஊரே பத்திரமா வச்சிருக்கும். குப்பையை நம்மள விட்டா யாரு வைப்பா?"

சிரித்தேன். அப்போது எனக்கு முழுக் கதை தெரியாது.

முதலில் அலமாரியைச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

மேல்தட்டில் விட்டலாச்சார்யா. உடுப்பிப் பக்கத்தில் பிறந்து, தெலுங்கில் மாயாஜாலப் படங்களாக எடுத்துத் தள்ளியவர். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்ற வார்த்தையே காதில் விழாத காலத்தில் எலும்புக்கூட்டை ஆட விட்டவர். ஏதாவது நடிகர் கால்ஷீட்டில் தகராறு செய்தால், ஒரு முனிவரைக் கூப்பிட்டுச் சாபம் கொடுத்து, அந்தப் பாத்திரத்தை ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டு மிச்சப் படத்தை முடித்துவிடுவார் என்று சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. (இந்த வசதி நம் ஆபீஸ் மேனேஜர்களுக்கு இல்லை. பிழைத்தோம்.) 1978-ல் வந்த அவருடைய 'ஜெகன்மோகினி' தமிழில் டப் ஆகி ஊர் ஊராக ஓடியது.

அடுத்த தட்டில் கர்ணன். மகாபாரதக் கர்ணன் இல்லை, கேமராமேன் கர்ணன். தானே டைரக்டராகி 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா', 'ஜக்கம்மா' (இரண்டும் 1972) என்று ஜெய்சங்கருக்குத் தொப்பி மாட்டி, குதிரையில் ஏற்றி, நம்ம ஊர்ப் பொட்டல் காட்டையே டெக்ஸாஸாக்கிக் காட்டினார். குதிரைக் காலடியில் கேமராவை வைத்து அவர் எடுத்த துரத்தல்களைப் பார்த்தால், பட்ஜெட் என்பது பணம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை என்று தோன்றும்.

மூன்றாவது தட்டு ராம்சே சகோதரர்கள். ஏழு பேர். 1972-ல் முதல் பேய்ப் படம் எடுக்க மகாபலேஷ்வருக்குக் குடும்பத்தோடு கிளம்பிப் போனார்கள். 1984-ல் 'புரானா மந்திர்' வந்தபோது பம்பாயே வாயைப் பிளந்தது.

கீழ்த்தட்டு கராத்தே. 1973-ல் ப்ரூஸ் லீ இறந்தார். உடனே ப்ரூஸ் லி வந்தார். அப்புறம் ப்ரூஸ் லே. அப்புறம் டிராகன் லீ. நெடில் போனதும் குறிலை வைத்துக் கல்லாக் கட்டிவிட்டார்கள்! ஒரு லேபிள் நன்றாக ஓடினால் அதே சாயலில் இன்னொரு லேபிளைப் பார்த்துப் பழகிய சிவகாசிக்காரருக்கு இதெல்லாம் ஒன்றும் அதிசயமில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவருடைய அப்பா. லித்தோ பிரஸ்ஸில் மெஷின்மேன். சிவகாசியில் சினிமா போஸ்டர்களும் அச்சாகுமல்லவா? கலர் சரியாக விழாத வேஸ்ட் ஷீட்டுகளை வீட்டுக்குக் கொண்டு வருவார், பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட. மற்ற ஊர்ப் பையன்கள் பழுப்புக் காகித அட்டையோடு பள்ளிக்கூடம் போனபோது, நம் நண்பரின் கணக்கு நோட்டில் பாதி ஜெயமாலினி. மீதிப் பாதி வரலாறு–புவியியலில்.

"வாத்தியார் ஒண்ணும் சொல்லலியா?"

"நோட்டைத் திருத்தக் கொண்டு போனாரு. ரெண்டு வாரமாத் திருப்பித் தரலை."

அப்புறம் வந்தது 'டெக்' காலம். 1982-ல் கலர் டி.வி. வந்த பிறகு, பங்குனிப் பொங்கலோ, சடங்கு வீடோ, எதுவானாலும் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம். முதலில் புதுப்படம், இரண்டாவது எம்.ஜி.ஆர்., பெண்கள் தூங்கிய பிறகு மூன்றாவதாக 'இங்கிலீஷ்'. அந்த மூன்றாவது படத்துக்காகவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் இளவட்டங்கள். கடைசியில் 'ஈவில் டெட்' ஓடும். எதிர்பார்த்தது வேறு, விடிகிறவரைக்கும் கொல்லைப்பக்கம் போகப் பயம். தனியாக உட்கார்ந்து பார்க்கிறவனுக்குப் பரிசு என்று ஊருக்கு ஊர் ஒரு தொகை சொல்வார்கள். வாங்கினவனை எவனும் பார்த்ததில்லை.

இனிமேல்தான் குற்றம்.

1991-ல் நண்பரின் அக்காவுக்குக் கல்யாணம். வீடியோ எடுத்தார்கள். மூன்று மணி நேர கேசட். முதல் அரை மணி பூ விரிவதும் இதயம் பறப்பதும்தான். "இன்னொரு காப்பி போடட்டுமா?" என்று வீடியோக்காரர் கேட்டதற்கு அப்பா சொன்னாராம்: "ஒண்ணு போதும்யா. கேசட்டு என்ன, தேயவா போகுது?"

வி.ஹெச்.எஸ். கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்த கேசட்டில் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. வீடியோக்காரர் முறையாக உடைத்துத்தான் கொடுத்திருந்தார். ஆனால் அந்த ஓட்டையின்மேல் அரை அங்குலம் செல்லோ டேப் ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம். இந்த அரிய உண்மை நம் நண்பருக்குத் தெரிந்திருந்தது.

1993 தீபாவளி சமயம். வாடகை டெக் ஒன்று வீட்டில் இருக்கிறது. லோக்கல் கேபிள்காரர் ராத்திரி பத்து மணிக்கு 'ஜெகன்மோகினி' போடுகிறார். கையில் காலி கேசட் இல்லை, கடையும் சாத்தியாயிற்று. அலமாரியில் இருப்பது ஒரே ஒரு கேசட்.

"ஒரே ஒரு நாளைக்குத்தான்னு நினைச்சேன் அண்ணாச்சி. கல்யாணத்தை அப்புறமாத் திருப்பி எடுத்துக்கலாம்னு..."

"எங்கேயிருந்து திருப்பி எடுப்பீங்க?"

"அதைத்தான் அன்னிக்கு யோசிக்கலை."

இருபத்திரண்டு வயசு. மன்னியுங்கள்.

மறுநாள் புரிந்தது. கேசட்டைக் கொண்டுபோய்ப் பேய்களோடு பேயாகச் சொருகினார். வீட்டில் கேட்டபோது, "பூஞ்சை பிடிச்சிருச்சு" என்றார். 1998-ல் அப்பா தவறிப் போனார். வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றே ஒன்று, ரேஷன் கார்டுக்காக எடுத்தது, கண்ணை மூடிக்கொண்டு. அசைகிற அப்பா இருந்தது அந்த கேசட்டில் மட்டும்.

அதற்கப்புறம்தான் இவர் கேசட்டை வெளியே போடாத மனுஷராக மாறியிருக்கிறார். 2007-ல் மோசர் பேர் கம்பெனி வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று கடையில் குவித்தபோது, வீடியோ லைப்ரரிகள் கேசட்டுகளைக் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டன. இவர் சைக்கிளில் போய் எடைக்கு எடை காசு கொடுத்து அள்ளி வந்தார். பிற்பாடு அந்தக் கம்பெனியே 2018-ல் திவாலாகிக் கலைக்கப்பட்டது. கேசட் போடும் டெக் தயாரித்த கடைசி ஜப்பான் கம்பெனி 2016-லேயே அந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இவர் அலமாரி மட்டும் அப்படியே நிற்கிறது.

"இப்பத்தான் எல்லாம் யூட்யூப்ல இருக்கே?" என்றேன், புத்திசாலி மாதிரி.

"இருக்கு. நாளைக்கு உரிமைத் தகராறுன்னு ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டாங்கன்னா? 'காளிதாஸ்' எங்கே அண்ணாச்சி?"

பதில் சொல்ல முடியவில்லை. 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும் படம். ஒரு பிரதிகூட இல்லை. தென்னிந்தியாவில் எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட ஊமைப் படங்களில் மிஞ்சியது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். அந்தக் கால ஃபிலிம் நைட்ரோ செல்லுலோஸ். வெடிமருந்துக்குச் சொந்தத் தம்பி. தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். 2003-ல் புனே ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் ஃபிலிம் கிடங்கில் அப்படித்தான் ஒரு பெரிய பங்கு போயிற்று. எரியாதவற்றை எடைக்குப் போட்டு, வெள்ளிக்காக உருக்கினார்கள். பட்டாசு மாதிரிதான், ஒரு தடவை வெடிப்பதற்குச் செய்ததை யார் பத்திரப்படுத்துவார்கள்?

அமெரிக்காவில் இதற்கென்றே கம்பெனி இருக்கிறது. பெயர் வினிகர் சிண்ட்ரோம். பழைய ஃபிலிம் கெட்டுப்போனால் காடி நாற்றம் அடிக்கும், அந்த வியாதியின் பெயரையே வைத்துக்கொண்டு, எவரும் சீந்தாத மட்டரகப் படங்களைத் தேடிச் சுத்தம் செய்து விற்கிறார்கள். ராம்சே பேய்களை மோண்டோ மகாப்ரோ என்ற இன்னொரு வெளிநாட்டுக் கம்பெனி ப்ளூ ரே பெட்டியில் போட்டு விற்கிறது. நம்ம ஊரில் இந்த வேலையை பிரஸ் கணக்குப்பிள்ளை ஒருவர் சம்பளமில்லாமல் பார்க்கிறார். அவர் மனைவி சொல்வதுபோல், "சம்பளமில்லாம மட்டுமில்ல, சம்பளத்தையும் போட்டு."

போன தை மாதம் போன் வந்தது. "அண்ணாச்சி, அந்த கேசட்டை ஓட்டப் போறேன். துணைக்கு வாங்க."

"எதுக்கு இப்ப?"

"மூணு மணி நேர கேசட்டு. படம் ரெண்டரை மணிதான் இருக்கும். மிச்சம் ஏதாச்சும் அழியாம இருக்கலாம். ஆனா படம் முடிஞ்சதும் நான் டெக்கை நிறுத்தினேனா, அப்படியே தூங்கிட்டேனான்னு ஞாபகமில்லை. முப்பது வருஷமா அதைப் பாக்கப் பயந்துக்கிட்டே இருக்கேன். அம்மாவுக்கு எண்பது ஆகுது."

விருதுநகரிலிருந்து முக்கால் மணி நேர பஸ். நான் போய்ச் சேர்ந்தபோது மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் கேசட்டைப் பிரித்து வைத்திருந்தார். இவர் சொன்ன பொய் பலித்துவிட்டது, நிஜமாகவே பூஞ்சை. கால் கிலோமீட்டர் நீள நாடா. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் துடைத்து, டெக்குக்குப் புது ரப்பர் பெல்ட் மாட்டி, கம்ப்யூட்டருக்கு வயர் கொடுத்தார். பிறகு கண்டிப்பாகச் சொன்னார்:

"ஒரே ஒரு தடவைதான் ஓட்டுவேன். ஃபார்வேர்டு கிடையாது, ரீவைண்டு கிடையாது. அத்துக்கிட்டுப் போயிரும்."

அதாவது, முழுப் படத்தையும் பார்த்தாக வேண்டும்!

நண்பர் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, போடு" என்றார். அவ்வளவுதான்.

போட்டோம். கோடு கோடாக, பச்சையும் ஊதாவுமாக மோகினி வந்தாள். அடியில் கேபிள்காரரின் விளம்பரம் ஓடியது. பிசாசு பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. கீழே, 'தீபாவளிக்குக் குடும்பத்துடன் வாருங்கள்' என்று ஒரு ஜவுளிக்கடை கூப்பிடுகிறது. அம்மா ஒவ்வொரு சீனையும் முன்கூட்டியே சொன்னார். "இந்தா, இப்ப விறகுக்குப் பதிலா காலை அடுப்புக்குள்ள விடுவா பாரு." விட்டாள். "இருக்கிற கேஸ் விலைக்கு நமக்கும் அந்த வித்தை தெரிஞ்சாத் தேவலை."

இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. விளம்பரத்தோடு சேர்ந்து படம் நீண்டுகொண்டே போனது. நண்பர் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிசாசுக்கு முடிவு நெருங்கிவிட்டது. இன்னும் 'வணக்கம்' போடவில்லை. டேப் தீர்ந்துவிடுமோ?

திடீரென்று படம் ஒரு குலுக்குக் குலுக்கியது.

பந்தி! வாழை இலை, பாயசம், வேர்த்து வழியும் முகங்கள்.

"கரண்ட்டு!" என்று கத்தினார் நண்பர். "அன்னிக்குக் கரண்ட் போச்சு அண்ணாச்சி! இப்பத்தான் ஞாபகம் வருது!"

மின்வெட்டுக்கு நன்றி சொன்ன முதல் குடும்பம் அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பிரதியில் பிசாசு அழியவே இல்லை. நேராகக் கல்யாணப் பந்திக்கு வந்துவிட்டது!

ஒன்பது நிமிஷம் இருந்தது. நாலாவது நிமிஷத்தில் அவர் வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, கையில் சாம்பார் வாளி. பெண்ணைப் பெற்றவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேமராவைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, துண்டை இழுத்து விட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். சத்தம் வரவில்லை. கல்யாண வீடியோவில் பேச்சை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போடுவதுதானே அந்தக் கால வழக்கம்.

"அய்யா என்ன சொல்றாக?" என்றார் நண்பர். குரல் சரியாக இல்லை.

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "என்னையத்தான் ஏசுறாரு. அப்பளக் கூடையை எங்கே வச்சேன்னு கேக்குறாரு." கொஞ்சம் பொறுத்து, "உள் ரூம்புல இருக்குங்க" என்று பதில் சொன்னார், டி.வி.யைப் பார்த்து.

மெக்கானிக் எழுந்து வெளியே போய் பீடி பற்ற வைத்தார். நானும் வெளியே போனேன். எனக்குப் பீடிப் பழக்கம் கிடையாது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கேசட் இருக்கும். இறக்குங்கள். பூஞ்சை இருந்தால் டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். நாடாவோடு டெக்கும் போகும். படுக்கப் போடாமல் புத்தகம் மாதிரி நிறுத்தி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஆள் தெரிந்தவரிடம் கொடுத்து சீக்கிரம் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். முதுகில் பல் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். தயவுசெய்து செல்லோ டேப்பை அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

அக்காவுக்கு அம்மாவே போனில் சொல்லிவிட்டார். அக்கா அரை மணி நேரம் திட்டி, அரை மணி நேரம் அழுது, கடைசியில் ஒரு காப்பி கேட்டாராம்.

"ஒன்பது நிமிஷத்தை மட்டும் வெட்டி அனுப்பட்டுமாக்கா?"

"வேணாம்ல. பிசாசோட சேத்தே அனுப்பு. அம்மா பாத்த மாதிரியே பாக்கணும்."

மச்சானுக்கு மட்டும் இன்னும் தெரியாது. மனிதர் தாலி கட்டிய இடத்தில் இப்போது மோகினிப் பிசாசு அடுப்பெரித்துக்கொண்டிருக்கிறது. சிவகாசிப் பக்கம் அவரைப் பார்த்து, கேசட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், பூஞ்சை என்று மட்டும் சொல்லிவையுங்கள்.