கோனா கவுன்சலிங்

நம்ம மக்கள்ல பல பேருக்கு அயர்ன்மேன்னா ராபர்ட் டௌனி ஜூனியர்தான். நான் சொல்றது வேற. 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கின காலோட 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாள்ல, பெரும்பாலும் 17 மணி நேரத்துக்குள்ள. 1978ல ஹவாய்ல 15 பேர் ஆரம்பிச்சு 12 பேர் முடிச்சாங்க. அப்போ தகுதி, கிகுதி எல்லாம் கிடையாது. வந்தியா, குதிச்சியா, அவ்ளோதான்.

இன்னிக்கு அதுதான் உலக சாம்பியன்ஷிப். ஊர் பேர் கைலுவா-கோனா. உள்ள போகணும்னா வேற ஒரு அயர்ன்மேன் போட்டியில சீட் வாங்கணும். ரொம்ப வருஷமா வயசுப் பிரிவு வாரியா கொடுத்தாங்க. 2025ல புது முறை அறிவிச்சாங்க: பிரிவுல ஜெயிச்சவருக்கு ஒரு சீட், மீதியை வயசுக்கேத்தபடி நேரத்தைத் திருத்திக் கணக்குப் போட்டு. நம்ம நார்மலைசேஷன் மாதிரி :) இதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. 62 வயசுப் பெரியவரோட 12 மணி நேரமும் 27 வயசுப் பையனோட 12 மணி நேரமும் ஒண்ணா என்ன?

என் சண்டை ரோல் டவுனோட. போட்டி முடிஞ்சப்புறம் எல்லாரையும் ஹால்ல உட்கார வெச்சு ரேங்க்படி பேர் கூப்பிடுவாங்க. ஆள் அங்கேயே இருக்கணும், சரின்னு சொல்லணும், உடனே பணம் கட்டணும். ஆயிரம் டாலருக்கு மேல. இல்லைன்னா சீட் அடுத்தவருக்கு உருண்டுடும். 2015ல அண்ணா பல்கலைக்கழகத்துல அப்பாவோட உட்கார்ந்து ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருந்தவன் நான். அதே வயித்துக் கலக்கல்தான். அந்தக் கவுன்சலிங்கே 2018ல ஆன்லைனுக்குப் போயிடுச்சு!

என்கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் ரெண்டு வருஷம் விடிகாலை நாலு மணிக்கு ஈசிஆர்ல சைக்கிள் மிதிச்சவர். வெளிநாட்டுப் போட்டி ஒண்ணுல சீட் உருண்டு உருண்டு அவர் பேர் வரைக்கும் வந்துடுச்சு. கார்டுல லிமிட் இல்ல. அமெரிக்க விசா இல்ல. லீவ் கிடைக்குமான்னு மேனேஜரைக் கேட்கணும். மூணு தடவை கூப்பிட்டாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அடுத்த பேருக்குச் சொந்தக்காரர் கத்தின கத்தல்ல ஹாலே எழுந்து கைதட்டியிருக்கு.

"வேணும்கிறவன் ரெடியா வரணும்ல?"ம்பாங்க. ரெடின்னா என்ன? கிடைக்குமான்னே தெரியாத சீட்டுக்கு முன்கூட்டியே விசா, ஒன்றரை லட்சம் விமான டிக்கெட்டுக்குக் காசு, கூடவே லீவ். ஜெர்மன்காரருக்கு இதுல பாதி பிரச்சனை கிடையாது. ஒரே 12 மணி நேரம்தான், ஆனா பாஸ்போர்ட் வேற.

சீட்டைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு யாரும் ஏமாத்தக் கூடாதுங்கிற நியாயம் புரியுது. அதுக்கு ஒரு சின்ன முன்பணம் வாங்கிக்கிட்டு 72 மணி நேரம் கொடுக்கலாமே? விதியை மாத்தவே முடியாதுன்னும் இல்ல. முன்னாடி பணம் வாங்கிட்டுக் குலுக்கல்ல கூட கோனா சீட் கொடுத்தாங்க. அது சூதாட்டச் சட்டத்துக்கு விரோதம்னு அமெரிக்க அரசு பிடிச்சதும் 2015ல நிறுத்திட்டு, 27 லட்சம் டாலருக்கு மேல கட்டினாங்க. ஒரு நாள்ல மாறுச்சு.

நண்பர் மறுபடி பயிற்சியில இருக்கார். இந்தத் தடவை போட்டிக்குப் பேர் கொடுக்கிறதுக்கு முன்னாடியே விசா இன்டர்வியூவுக்குத் தேதி வாங்கிட்டார்.