கீமோவுக்குத் தேதி உண்டு, காய்ச்சலுக்கு உண்டா?

அம்மையார்குப்பத்திலிருந்து சென்னைக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ வேலைக்குப் போன ஒருவரின் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று உறுதியானால், வீட்டில் முதலில் எழுவது பணத்தைப் பற்றிய கேள்வி. அடுத்த கேள்வி கொஞ்ச நாள் கழித்துத்தான் வரும்: "கூட யாருப்பா போறது?"

பணத்துக்கு ஓரளவு வழி இருக்கு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையமும், ராணிப்பேட்டையில் சி.எம்.சி. வளாகமும் இருக்கின்றன. "கூட யாரு" என்பதற்குத்தான் நம் சட்டத்தில் பதில் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கதிர்வீச்சு சிகிச்சை பல நோயாளிகளுக்கு வாரம் 5 நாள், 5 வாரம் என்று போகும். அதாவது 25 வேலை நாட்கள். ஐ.டி. கம்பெனிகளுக்கும் பொருந்தும் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் (1947) தருவது 12 நாள் கேஷுவல் லீவு, 12 நாள் சிக் லீவு, ஓராண்டு முடித்த பிறகு 12 நாள் சம்பள விடுமுறை. சிக் லீவு உங்கள் உடம்புக்கு, அம்மாவின் உடம்புக்கு அல்ல. மிச்சம் 24 நாள். ஒரு வருஷ லீவு முழுவதும் ஒரு கதிர்வீச்சுக்கே பத்தாது. தொழிற்சாலைக்காரர்களுக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு. அவர்கள் கணக்கு இன்னும் மோசம்.

கீமோதெரபி வேறு மாதிரி. பலருக்கு 21 நாளுக்கு ஒரு முறை, 6 முறை. தேதி முன்பே தெரியும், லீவு சொல்லிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகு. மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வாக்கில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். இதை ஹெச்.ஆர். போர்ட்டலில் மூன்று நாள் முன்னாடி எப்படி அப்ளை செய்வது? கவனிப்பவருக்கு லீவு நோட்டாகத் தேவையில்லை, சில்லறையாகத் தேவை. ரத்தப் பரிசோதனைக்கு அரை நாள், ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க இரண்டு மணி நேரம், காய்ச்சல் வந்தால் சொல்லாமல் ஒரு நாள்.

இதை மற்ற நாடுகள் புரிந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டுச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் 12 வார விடுப்பை மணிக்கணக்கில்கூடப் பிரித்து எடுக்க விடுகிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல் ஆண்டுக்கு ஒரு வாரம், அரை அரை நாளாகவும் எடுக்கலாம். இரண்டிலும் சம்பளம் கிடையாது. ஆனால் வேலை பறிபோகாது.

இங்கே இ.எஸ்.ஐ.யைப் பாருங்கள். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கே புற்றுநோய் வந்தால், சில நிபந்தனைகளுடன் 80% ஊதியம் 2 ஆண்டுகள் வரை உண்டு. அவரைச் சார்ந்த பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. அந்தப் பெற்றோரின் கட்டிலருகே உட்காரும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு நாள் ஊதியமும் இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இதற்கு இடமில்லை. முடிவில் வேலையை விடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். சொல்லியா தெரிய வேண்டும்?

தமிழக அரசு தில்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021-இல் திருத்தப்பட்டதும் இதே 1947 சட்டம்தான். அதில் பராமரிப்பு விடுப்பு என்று 12 நாள், மணிக்கணக்கில் பிரித்து எடுக்கும்படி சேர்க்கலாம்.

அதுவரை உள்ளதை விட்டுவிடாதீர்கள். சிகிச்சை அட்டவணையை டாக்டரிடம் கடிதமாக வாங்கி மேனேஜருக்கு மெயிலில் அனுப்புங்கள். வாய்வார்த்தை அடுத்த அப்ரைசலில் நிற்காது. ஒர்க் ஃப்ரம் ஹோம் கிடைக்கும் என்றால் கீமோ நாளைவிட அந்த 7 முதல் 14 வரையிலான நாட்களுக்குக் கேளுங்கள். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு பி.எஃப். முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம். மருத்துவமனைச் சான்று இருந்தால் ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் 75% சலுகை.

சட்டம் திருந்தினாலும் எட்டாத வீடுகள் அம்மையார்குப்பத்திலேயே இருக்கின்றன. தறி நெய்பவருக்கு முதலாளியும் இல்லை, லீவும் இல்லை; நெய்த அளவுக்குத்தான் கூலி. மனைவி தார் சுற்றித் தந்தால்தான் நாடா ஓடும். அவர் படுத்துவிட்டால் கூட்டாளியும் போய், துணைக்குப் போகும் நாளின் கூலியும் போகிறது. காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுகிறது. கூட வருபவரின் அந்த ஒரு நாள் கூலியையும் அதே திட்டத்தில் ஏன் சேர்க்கக் கூடாது?