கலகக்காரர் யார்?

கூலி கேட்டால் கலகம். கூட்டம் கூடினால் கலகம். தலைவரை விடுதலை செய் என்றால் அதுவும் கலகம்! ஆளுவோரின் அகராதி இது. நமது நெல்லைச் சீமையே இதற்குச் சாட்சி.

1908 பிப்ரவரி 27ந் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். ஒன்பதே நாளில் வெள்ளைக்கார நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு ஓய்வு கிடைத்தது.

பொறுக்குமா ஏகாதிபத்தியம்? மார்ச் 12ல் தலைவர்களைக் கைது செய்தது. மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. நகரசபை அலுவலகமும் போலீஸ் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். கோரல் மில் தொழிலாளர் மீண்டும் வெளியேறினர். இம்முறை கூலிக்காக அல்ல, தலைவர்களுக்காக.

தீ வைத்ததை நாம் போற்றவில்லை. அந்தத் தீயைக் காட்டித்தான் அரசு தண்டப் போலீசை நிறுத்தி, அதன் செலவை ஊரார் தலையில் கட்டியது. ஆனால் ஆத்திரத்தை மூட்டியது யார்?

வெள்ளையன் போனான், அகராதி போகவில்லை. 1999 ஜூலை 23ல் கூலி உயர்வும், சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் வந்தனர் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர். போலீஸ் தடியடியில் சிதறி, தாமிரபரணியில் 17 உயிர்கள் பலியாயின. நிறவெறி ஆட்சி ஒழிந்த தென்னாப்பிரிக்காவிலும், 2012ல் மாரிக்கானா சுரங்கத்தில் கூலி கேட்ட 34 தொழிலாளரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

வள்ளியூர் வட்டாரத்து மில் தொழிலாளரே, விவசாயத் தொழிலாளரே! கோரல் மில்லில் வென்றது கல்லல்ல, நெருப்பல்ல; கட்டுக்கோப்பான ஒற்றுமை. அதைக் கலகமென்று எவர் சொன்னாலும் சொல்லட்டும். நாம் சங்கமாய்த் திரள்வோம்!