மாணவர் இடாப்பும் இலவசச் செயலியும்

இவ்விழா ஆண்டிலே கல்லூரிக்குக் கணினிகள் வழங்கப் பழைய மாணவர் பலர் முன்வந்துள்ளமை பெரிதும் மகிழ்தற்குரியது. எத்தனை கணினிகள், எந்த மண்டபத்தில், எவர் நினைவாக என்பன பற்றி ஊக்கமான பேச்சு நடைபெறுகின்றது. அவற்றினுள்ளே எந்த மென்பொருள் இருத்தல் வேண்டும், அம்மென்பொருள் எம் மாணாக்கரைப் பற்றி எவருக்கு எதனைச் சொல்லும் என்பன பற்றி ஒருவரும் வினவக் காணோம். தமிழாசிரியருக்கு இவ்விடயத்தில் என்ன அலுவல் என்பார் உளராயின், சொல்லை ஆராய்தல் எமது தொழிலாகலின், ஒரு சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

ஆங்கிலத்திலே ‘பிறீ’ என்னும் சொல் விலையின்மையையும் கட்டின்மையையும் ஒருங்கே உணர்த்தும். 1983 ஆம் ஆண்டிலே ‘குனூ’ என்னும் மென்பொருள் திட்டத்தை அறிவித்த அமெரிக்கரான றிச்சட் ஸ்ரோல்மன், தாம் பேசுவது விலையைப் பற்றியன்று, உரிமையைப் பற்றியே என்று பல்லாண்டுகள் விளக்க வேண்டியவரானார். தமிழுக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. விலையின்றிக் கிடைப்பது இலவசம். எவரும் உள்ளே திறந்து பார்க்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்குக் கொடுக்கவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். 1991 இல் லினஸ் தோவால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிவைத்த லினக்ஸ் இவ்வகையினதாய் வளர்ந்தது. இரு பொருளுக்கும் இரு சொற்கள் வாய்க்கப்பெற்ற நாமோ, இரண்டினையும் ஒன்றென மயங்கி, இலவசமாய் வந்தது அனைத்தையும் கல்லூரி வாயிலுக்குள் அழைத்துக்கொள்கின்றோம்.

முகநூலையும் வட்ஸ்அப்பையும் உடைய மெற்றா நிறுவனத்தின் வருவாயிற் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. கூகிளின் நிலையும் அஃதே. ஆண்டு விற்கப்படுவது நமது கவனம். அக்கவனத்தை எவ்விடத்தே பற்றலாம் என்று அறிதற்பொருட்டே நம்மைப் பற்றிய விவரங்கள் திரட்டப்படுகின்றன. நாம் நம்மை மாத்திரம் கொடுப்போமாயின் அது நம் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆனால் 2018 இல் வெளியான கேம்பிறிட்ஜ் அனலிற்றிக்கா விவகாரத்தை நோக்குக. முகநூலிலே ஒரு வினாக்கொத்துச் செயலியைப் பாவித்தோர் ஏறத்தாழ 270,000 பேர். அவர்தம் நண்பர் வழியாக விவரம் பறிபோனோர் 87 மில்லியன் வரை இருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே கூறிற்று. வினாக்களுக்கு விடையிறுத்த ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே முந்நூறு பேரைக் காட்டிக்கொடுத்தனர் என்பது கணக்கு.

பிறர் கடிதத்தை உடைத்துப் படித்தல் இழிசெயல் என்று சொல்லியே பெற்றார் எம்மை வளர்த்தனர். வட்ஸ்அப்பில் 2016 முதலாக, அனுப்புவோரும் பெறுவோருமன்றிப் பிறர் படிக்கவொண்ணாவாறு செய்திகள் மறையாக்கம் செய்யப்படுவது மெய்யே. ஆகவே கடிதம் ஒட்டப்பட்டுள்ளது. ஆயினும் எவர் எவருக்கு, எந்நேரத்தில், எத்தனை முறை என்னும் உறையின் மேலெழுத்தை நிறுவனம் அறியும். ஊர்த் தபாற்காரர் ஒவ்வோர் உறையின் முகவரியையும் குறிப்பேட்டிற் பதிந்துவருவாராயின் ஊரார் வாளாவிருப்பரோ?

“மறைப்பதற்கு எம்மிடம் யாதுளது?” என்று நண்பர் சிலர் கேட்பதுண்டு. யாழ்ப்பாணத்தார் இவ்வாறு கேட்பது வியப்பே. வளவுதோறும் கிடுகு வேலி அடைத்தவர் நம் முன்னோர். கிணற்றடியை மறைத்துக் கட்டியது ஆங்கே களவு நிகழ்ந்தமையாலன்று.

இனிக் கல்லூரிக்கு வருவோம். 2020 மார்ச்சில் நோய்ப்பரவலாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் கைக்கு அகப்பட்ட செயலிகளைக் கொண்டே கற்பித்தனர். அதனைக் குறைகூறோம், வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அக்காலத்தில் 49 நாடுகளிற் பயன்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்த ஹியூமன் றைற்ஸ் வொச் என்னும் மனித உரிமை அமைப்பு, அவற்றுள் 89 வீதமானவை பிள்ளைகளின் உரிமைக்குக் கேடு விளைத்தன அல்லது விளைக்கக்கூடியனவாய் இருந்தன என்று 2022 இல் அறிவித்தது. நெருக்கடி நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை. வகுப்பு இடாப்பும் புள்ளிப் பட்டியலும் இன்றும் குழுக்களிலே உலாவுகின்றன. புலமைப் பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படமும் பெயரும் புள்ளியும் முகநூலில் ஏறுகின்றன. தாண்டாத பிள்ளையின் பெயர் அப்பட்டியலில் இல்லாமையே ஊருக்கு அதனை அறிவித்துவிடுகின்றது. பத்து வயதுப் பிள்ளையிடம் எவர் சம்மதம் கேட்டார்? எமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவுகளைச் சிறப்பு வகையினவாய் வைத்துள்ளது. சட்டம் அவ்வாறு கூறாவிடினும் ஆசிரியருக்கு ஒரு வரம்பு உண்டு. எமது விவரத்தை யாம் விற்கலாம், எறியலாம். இடாப்பிலுள்ள பெயர்கள் எம்முடையன அல்ல.

செய்தியும் இவ்வழியே கெடுகின்றது. கவனத்தைப் பற்றிவைப்பதே நோக்கமாயின், சினமூட்டும் செய்தி முந்தும். ஆறிய செய்தி பிந்தும். பழைய மாணவர் குழு ஒன்றிலே, உயிரோடிருக்கும் ஆசிரியர் ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி வந்ததைக் கண்டோம். அனுப்பியவர் பட்டதாரி. அது நகைத்து விடத்தக்கது. 2018 மார்ச்சில் திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம் மக்களுக்கு எதிராக எழுந்த வன்செயல் அத்தகையதன்று. அப்போது அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் தடுத்தது. அவ்வன்செயலில் தனது தளம் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020 இல் வருத்தம் தெரிவித்தது. ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவொண்ணாதவாறு வட்ஸ்அப் 2019 இல் உலகெங்கும் வரையறுத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. நமது குழுக்களுக்கு ஐந்தும் மிகுதி. எழுதியவர் பெயரும் திகதியும் இல்லாத செய்தியை அனுப்பாதிருத்தல் ஒரு வகுப்பறை விதியாதல் வேண்டும்.

கணினி வழங்குவோரிடம் எமது வேண்டுகோள் சிறிது. அவற்றிலே லினக்ஸை நிறுவுக. எழுத்துவேலைக்கு லிப்ரே ஒபிஸும் வலைக்குப் பயர்பொக்ஸும் அமைக. இரண்டும் தமிழ் இடைமுகத்தோடு கிடைப்பன. மாணவர் விவரம் எதனையும் கேட்கும் செயலியை, அதிபரும் பெற்றாரும் எழுத்தில் இசைந்தாலன்றி ஏற்காதிருத்தல் வேண்டும். கட்டற்றது யாவும் குறையற்றது என்று கூறோம். பழகச் சில கிழமைகள் செல்லும். சில அச்சுப்பொறிகள் இணங்காது அடம்பிடிக்கும். உரிமக் கட்டணத்திற்கென ஒதுக்கிய பணம் இருப்பின் அதனை நூலகத்திற்குக் கொடுத்துவிடலாம். நிறுவும் வேலைக்கு வேண்டுவன ஓர் ஆசிரியர், உயர்தர வகுப்பு மாணவர் இருவர், ஒரு சனிக்கிழமை.